இணங்கச் செய்யும் பேச்சு: ஆயத்தமும் மதிப்பீடும்

எமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பேச்சுக்கலை பயிலும் மாணவர் முதலிற் சந்திப்பது கேட்போரை அன்று, புள்ளித்தாளையே. பொருள், மொழிநடை, உச்சரிப்பு, குரல், மெய்ப்பாடு, அவையஞ்சாமை எனத் தலைப்பிடப்பட்ட கட்டங்களை நிரப்புவதற்கு நடுவர் மூவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். மாணவர் அம்மூவருக்காகவே பேசுகின்றார். பின்வரிசைகளில் இருப்போரின் கடமை உரிய இடங்களிற் கைதட்டுவதுடன் முடிந்துவிடுகின்றது. அவர்களுள் எவரேனும் தமது கருத்தை மாற்றிக்கொண்டனரா, மாற்றிக்கொள்ளாதோர் எக்காரணம்பற்றி மாற்றிக்கொள்ளவில்லை என்னும் வினாக்களுக்கு அத்தாளிற் கட்டம் இல்லை. பேசப்பட்ட உரையும் பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக்கொடுத்து மாணவர் மனனஞ் செய்ததாகவே இருக்கும். பேசுவோர் எந்தப் பக்கத்தைச் சார்ந்து பேசவேண்டும் என்பதுகூடச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படுவதுண்டு.

இணங்கச் செய்யும் பேச்சு என நாம் ஈண்டுக் குறிப்பிடுவது, மாறுபட்ட கருத்துடையோர் அல்லது இன்னும் முடிவு செய்யாதோர் முன்னிலையில், அவர்கள் செய்யவோ செய்யாது விடவோ கூடிய ஒன்றைக் குறித்து நிகழ்த்தப்படும் பேச்சையாகும். பாராட்டுரையும் நினைவுரையும் இலக்கியச் சொற்பொழிவும் இதனின் வேறானவை. கேட்போர் கையில் ஒரு தீர்மானம் இருக்கின்றது என்பதே இதன் சிறப்பியல்பு. அத்தீர்மானத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது பேச்சாற்றலின் காட்சி மாத்திரமே. எமது வகுப்புகளிற் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இவ்வெச்சமே என்பதும், மதிப்பிடும் முறையை மாற்றாது ஆயத்தஞ் செய்யும் முறையை மாற்றவியலாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இத்துறை தோன்றிய வரலாறே இதற்குச் சான்று பகர்கின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டிற் சிசிலித் தீவின் சிரக்கியூசில் கொடுங்கோலாட்சி வீழ்ந்தபின், பறிக்கப்பட்ட நிலங்களை மீட்க மக்கள் வழக்காடியபோது பேச்சுக்கலை ஒரு கல்வியாக உருப்பெற்றது என்பது கிரேக்க மரபு. கொராக்ஸ், டிசியாஸ் என்னும் இருவர் அதனோடு தொடர்புபடுத்தப்படுகின்றனர். மரபுச் செய்தியாயினும் அதன் உட்கிடை மனங்கொள்ளத்தக்கது. பேச்சுக்கலையின் தொட்டில் அழகியல் அன்று, சொத்துரிமைப் பிணக்கு. ஏதென்ஸ் நகரில் இக்கலை செழித்தமைக்கும் அங்கு மக்கள் மன்றமும் பெருந்தொகையான நடுவர் அமர்ந்த நீதிமன்றங்களும் இருந்தமையே காரணம். அடிமைகளும் பெண்களும் பிறநாட்டாரும் அம்மன்றுகளிற் பேசவோ வாக்களிக்கவோ இயலாதவராயிருந்தனர் என்பதையும் உடன்வைத்தே நோக்கவேண்டும். எவர் பேசலாம், எவர் தீர்மானிக்கலாம் என்பன பேச்சுக்கலையின் புறத்தே நிற்கும் வினாக்கள் அல்ல.

அரிஸ்டோட்டில் தமது பேச்சுக்கலை நூலின் தொடக்கத்திலேயே தமக்கு முற்பட்ட கையேட்டாசிரியரைக் கண்டிக்கின்றார். அவர்கள் உணர்ச்சியைக் கிளறும் உத்திகளையும் முகவுரை, முடிவுரை முதலிய உறுப்புகளையும் விரித்துரைத்து, இணக்கத்தின் உயிராகிய நியாயத்தைக் கைவிட்டனர் என்பது அவருடைய குறைபாடு. எமது புள்ளித்தாள்களைக் கண்டிருப்பின் அவர் வேறொன்றும் கூறியிருக்கமாட்டார் எனலாம். பேசுவோரின் நம்பகம், கேட்போரின் உணர்ச்சி நிலை, நியாயம் என அவர் வகுத்த மூன்று வழிகளும் பாடநூல்களில் ஓயாது மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றினும் ஆழமானது, இணங்கச் செய்யும் பேச்சின் தருக்கம் பற்றி அவர் கண்ட ஓர் உண்மையாகும். அளவை நூலார் எடுகோள்களை எல்லாம் வெளிப்படக் கூறுவர். மேடையிற் பேசுவோர் அவ்வாறு கூறுவதில்லை. ஓர் எடுகோளைக் கூறாது விட, கேட்போர் தமது மனத்திலிருந்தே அதனை எடுத்து நிரப்பிக்கொள்கின்றனர். ஆகவே நியாயத்தின் ஒரு பாதி மேடையிலும் மறுபாதி அவையிலும் இருக்கின்றது.

இக்கருத்தை 20ஆம் நூற்றாண்டின் மார்க்சிய மொழியியல் வேறொரு திசையிலிருந்து வந்தடைந்தது. 1929இல் வெளிவந்த வொலோஷினோவின் மொழித்தத்துவ நூல், ஒரு கூற்று அதனைச் சொல்பவருக்கு எத்துணை உரியதோ அத்துணை அது எவரை நோக்கிச் சொல்லப்படுகின்றதோ அவருக்கும் உரியது என நிறுவுகின்றது. கூறாது விடப்படும் எடுகோள் வானத்திலிருந்து வருவதில்லை. அது கேட்போரின் வர்க்க அனுபவத்திலிருந்தும், அவர்கள் நெடுங்காலமாக ஏற்றுப் பழகிய பொதுப்புத்தியிலிருந்தும் வருவது. அப்பொதுப்புத்தி ஆளும் வர்க்கத்தின் கருத்துகளைத் தன்னகத்தே சுமந்திருக்கும். அதேவேளை அவற்றுக்கு முரணான உழைப்பனுபவத்தையும் கொண்டிருக்கும். பேசுவோர் எந்தப் பகுதியைத் தொட்டு எழுப்புகின்றார் என்பதில் அவருடைய அரசியல் அடங்கியிருக்கின்றது.

தமிழ் மரபிலும் இச்சிந்தனைக்குக் குறைவில்லை. திருக்குறள் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை இதற்கு ஒதுக்கியுள்ளது. அவையறிதல் அவையஞ்சாமைக்கு முன் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. எனினும் அங்குக் கருதப்படும் அவை அரசனதும் அமைச்சரதும் கற்றோரதும் அவையே. முன்பின் அறியாத பொதுமக்களை ஒன்றுகூட்டி, அவர்களை நோக்கி உரைநடையிற் பேசும் வழக்கம் எமக்குப் பிற்பட்டது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், கிறிஸ்தவப் பிரசங்க முறையைக் கிறிஸ்தவத்துக்கு எதிராகவே கையாண்டு, 1847 டிசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்ப் பொதுமேடையின் பிறப்பை இந்நிகழ்ச்சியிலிருந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேற்றின் நூல், அவர் மறைவின் பின் 2021இல் வெளிவந்தது. அக்கோயிலுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய இயலாத காலம் அது என்பதையும் நாம் சேர்த்தே சொல்லவேண்டும். புதிய பேச்சுமுறை பிறந்தது. அவை முழுமையாகத் திறக்கவில்லை.

அவையைத் திறந்தவை பின்வந்த இயக்கங்களே. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் அமைந்தபோது அதன் தலைவர் வாடியா ஆங்கிலத்திற் பேசுபவர்; ஆலைத் தொழிலாளரை அவர்களின் மொழியிற் சென்றடையத் திரு.வி.க. போன்றோர் வேண்டியிருந்தனர். இலங்கை மலையகத்தில் நிலைமை இன்னும் கடினமானது. தோட்டத்தினுள் வெளியார் காலடி வைப்பதே அத்துமீறற் குற்றமாகக் கொள்ளப்பட்ட காலத்தில், கூட்டம் கூட்டுவதே முதற் போராட்டமாயிற்று. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களைப் பாடினார். அவற்றைச் சிறுபிரசுரங்களாகவும் பரப்பினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடத்து ஒரு வாதம் நினைவில் நின்று லயத்துக்கு லயம் செல்லவேண்டுமெனின் பாட்டே தக்க வாகனம் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். இதுவே ஆயத்தம் என்பதன் உண்மைப் பொருள்.

திராவிட இயக்க மேடை இவ்வரலாற்றில் இரட்டைப் பண்புடையது. அண்ணாதுரையின் அடுக்குமொழியும் எதுகை மோனையும், கற்றோரின் சொத்தாகக் கருதப்பட்ட செந்தமிழைச் சாதாரண மக்களின் காதுக்கு இன்பமாக்கின. அதன் சனநாயக விளைவை மறுப்பது நேர்மையன்று. ஆயின் அந்நடையைப் போலி செய்த பின்னோரிடத்து ஓசை நியாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எமது பேச்சுப் போட்டிகள் பெற்றுக்கொண்ட முதுசொம் இதுவே: முதலாமவரின் சமூகத் தேவை இல்லை, ஓசை மாத்திரம் உண்டு.

இனி, இன்று ஆங்கிலவழிப் பேச்சுப் பயிற்சிகளூடாக எம்மிடம் வந்துசேரும் அமெரிக்க மரபைச் சுருக்கமாக நோக்கலாம். டேல் கார்னெகி 1912இல் நியூயோர்க் வை.எம்.சி.ஏ.யில் வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1924இற் கலிபோர்ணியாவில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகம் தோன்றியது. பர்டியூ பல்கலைக்கழகத்து அலன் மன்றோ, 1930களில், கவனத்தை ஈர்த்தல், தேவையை உணர்த்தல், அதனை நிறைவு செய்தல், விளைவை மனக்கண்முன் நிறுத்தல், செயலுக்கு அழைத்தல் என ஐந்து படிகளை வகுத்தார். இப்படிமுறை பயனற்றதன்று, குழம்பிக் கிடக்கும் ஓர் உரையை ஒழுங்குசெய்ய இது உதவும். ஆனால் சவர்க்காரம் விற்பதற்கும் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதற்கும் இது ஒன்றாகவே பொருந்துகின்றது என்பதுதான் எமக்குச் சிந்தனைக்குரியது. தேவை என்பது பேசுவோர் கேட்போரிடத்து உண்டாக்கும் ஒன்றாக இங்கு எண்ணப்படுகின்றது. கேட்போர் எழுப்பும் மறுப்பு, கடக்கவேண்டிய ஒரு தடையாக மாத்திரம் இடம்பெறுகின்றது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகத்திடம் நாம் கடன்வாங்கத்தக்க ஒரு வழக்கமும் உண்டு: அங்கு மதிப்பீடு செய்தவரும் மதிப்பிடப்படுகின்றார். எமது நடுவர் பலர் இதனை விரும்பமாட்டார்.

ஆயத்தம் எவ்வாறு அமையவேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு விளக்குவது நன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிப் பேச மாணவர் ஒருவர் முன்வருகின்றார் எனக் கொள்வோம். முதல் வரைவில் அவர், தொழிலாளரின் வாழ்வு மலரவேண்டும் என்பார். அதனை மறுப்பார் எவரும் இலர். மறுக்கப்படாத ஒன்றுக்காக இணங்கச் செய்யும் பேச்சுத் தேவையில்லை. இரண்டாம் வரைவிற் சம்பளம் உயர்த்தப்படவேண்டும் என்பார். இது கோரிக்கைதான், ஆயினும் எல்லை வரையப்படாதது. 2021 மார்ச்சில் வெளியான வர்த்தமானி 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா படியுமாக நாளொன்றுக்கு 1000 ரூபாவை நிர்ணயித்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பேறு அது. அதன்பின், பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. இவ்விவரத்தைத் தேடி அறிந்த மாணவர் மூன்றாம் வரைவில் வேறோர் இடத்துக்கு வந்துசேர்வார்: நாட்சம்பளத்தை நிர்ணயிக்கும் சட்டம், அந்நாளுக்குரிய கொழுந்தின் நிறையையும் நிர்ணயிக்கவேண்டும். இது மறுக்கப்படக்கூடிய கூற்று. ஆகவே பேசத்தக்க கூற்று.

இதற்கு ஆதாரம் திரட்டும்போது கணக்கே முதலில் வரவேண்டும். நாளொன்றுக்கு 16 கிலோ என்றிருந்த அளவு 20 கிலோவாக்கப்பட்டால், அதே 1000 ரூபாவுக்குக் கிலோவொன்றின் கூலி 62 ரூபா 50 சதத்திலிருந்து 50 ரூபாவாக இறங்குகின்றது. சம்பளம் உயர்ந்ததாகப் பேசப்படும் மேடையிலேயே உழைப்பின் விலை ஐந்திலொரு பங்கு வீழ்ந்துவிடுகின்றது. அளவு 18 கிலோவாக இருக்க, ஒருவர் 17 கிலோ பறித்து அரைப்பேர் மாத்திரம் பெற்றார் எனக் கொண்டால், கிலோவொன்றுக்கு அவர் பெறுவது ஏறத்தாழ 29 ரூபா 40 சதம். சரியாக 18 கிலோ பறித்து முழுப்பேர் பெற்றவருக்கோ கிலோவுக்கு ஏறத்தாழ 55 ரூபா 55 சதம். இவை விளக்கத்துக்காகக் கொண்ட எண்கள். மேடையிற் பேசுவோர் குறித்த ஒரு தோட்டத்தின் உண்மை அளவைக் கேட்டறிந்தே பயன்படுத்தவேண்டும். மார்க்ஸ் மூலதனத்தின் முதற்பாகத்தில் நேரக்கூலிக்கும் துண்டுக்கூலிக்கும் உள்ள உறவை விளக்குமிடத்து, துண்டுக்கூலி நேரக்கூலியின் மாற்றுருவமே எனக் காட்டுகின்றார். இங்கு நாட்கூலி என்னும் பெயரின் கீழ்த் துண்டுக்கூலி ஒளிந்திருக்கின்றது. மாணவர் மேடையில் மார்க்சின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அவ்விளக்கத்தைப் படியாதவருக்கு இக்கணக்கைப் போடவேண்டும் என்ற எண்ணமே தோன்றியிராது.

அடுத்து, சான்றிலிருந்து முடிவுக்கு இட்டுச்செல்லும் பாலம். ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலிற் கூற்று, சான்று, இவ்விரண்டையும் இணைக்கும் உரிமைத்தொடர்பு எனப் பிரித்துக்காட்டியமை வகுப்பறைக்கு மிகவும் உபயோகமானது. மேற்கண்ட வாதத்தின் பாலம் யாது? விலையை நிர்ணயித்து அளவை ஒருதரப்பாரின் கையில் விட்டால் விலை நிர்ணயிக்கப்படவில்லை என்பதே. இதனைப் பேராதனையிற் பயிலும் ஒருவரிடம் சொல்லவேண்டியதில்லை. அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை வைத்து நிறுவையிற் குறைத்த கடையை அவர் அறிவார். அவ்வனுபவம் நினைவூட்டப்பட்டால் அவரே பாலத்தை இட்டுக்கொள்வார். ஆனால் அவையில் தென்மாகாணத்துச் சிறுதோட்ட உரிமையாளரின் பிள்ளை ஒருவர் இருந்தால்? இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை விளைவிப்போர் அத்தகைய சிறு உடைமையாளரே. கொழுந்துக்குத் தொழிற்சாலை தரும் விலை மாறிக்கொண்டேயிருக்க, நாங்கள் கொடுக்கும் கூலியும் அளவும் மாத்திரம் எவ்வாறு நிலையாயிருக்கும் என அவர் கேட்பார். இவ்வினா சூழ்ச்சியன்று, அவருடைய வாழ்நிலையிலிருந்து எழுவது. இதற்கு விடையின்றி மேடையேறுபவர் ஆயத்தமின்றி ஏறுபவரே, அவருடைய மனனம் எத்துணைச் செம்மையாயினும்.

உணர்ச்சியை நாம் வெறுக்கவேண்டியதில்லை. பிளெக்கானோவ் வகுத்து லெனின் 1902இல் விரித்துரைத்த வேறுபாடு ஈண்டுப் பயன்படும். பலவற்றைச் சிலருக்கு விளக்குபவர் ஒரு வகையினர். ஒன்றைப் பலருக்கு உணர்த்துபவர் மற்றொரு வகையினர். பின்னவர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒன்று, அவையோர் யாவரும் அறிந்ததும் முழு முரண்பாட்டையும் தன்னுள் கொண்டதுமான நிகழ்ச்சியாயிருக்க வேண்டும். எமது மாணவர் மலையகத்தைப் பற்றிப் பேசும்போது அட்டைக்கடியும் பனியும் வழுக்குப் பாறையும் தவறாது வரும். அவை துயரமானவை, எனினும் நிறையளவு பற்றிய கூற்றுக்கு அவை சான்றாகா. நிறுவைத் தராசின் முன் ஒரு கிலோக் குறைந்து நின்று அரைப்பேருடன் திரும்பும் பெண்ணின் நிலை துயரமும் சான்றும் ஒருங்கே ஆவது. உணர்ச்சியைத் தெரிவுசெய்யும் அளவுகோல் இதுவே.

மதிப்பீட்டுக்கு வருவோம். பேச்சுக்கு முன்னும் பின்னும் கேட்போரின் கருத்தைப் பெயரின்றி எழுதிவாங்கி, மாறியோரை எண்ணிப் புள்ளி வழங்கலாம் எனச் சிலர் கருதுவர். இது கவர்ச்சியான யோசனை. நாமும் ஒருகாலத்தில் இதனை முழுமையாக நம்பினோம். இதில் இரண்டு இடர்கள் உள. ஏற்கெனவே உடன்பட்ட அவையைப் பெற்றவருக்கு மாற்ற எவருமில்லை. இரண்டாவது இடர் பாரதூரமானது: இனவெறியை ஊட்டிப் பேசுபவரும் கருத்தை மாற்றவல்லவரே. 20ஆம் நூற்றாண்டு இதனை எமக்குப் போதிய அளவு காட்டியிருக்கின்றது; இந்நாட்டின் தேர்தல் மேடைகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே எத்தனை பேர் மாறினர் என்பதினும் எதனால் மாறினர் என்பதே அறியப்படவேண்டியது.

இதனை அறிய எளிய வழியொன்றுண்டு. பேச்சு முடிந்தவுடன் கேட்போர் ஒவ்வொருவரும் மூன்று வாக்கியங்கள் எழுதவேண்டும்: பேசுவோர் கோரியது யாது, அதற்கு அவர் காட்டிய வலிமையான காரணம் யாது, அவர் சொல்லாது விட்டதாயினும் நாம் ஏற்றுக்கொண்ட எடுகோள் யாது. இத்தாள்களை ஒருசேர வாசித்தால் பேச்சின் உண்மை நிலை புலப்படும். கைதட்டல் பெற்ற பேச்சொன்றின் கோரிக்கையை முப்பது பேர் முப்பது விதமாக எழுதுவதைக் காண்பது பேசியவருக்குக் கசப்பான அனுபவம். ஆயினும் எந்த நடுவரின் உரையும் அதற்கு ஈடாகாது. மூன்றாவது வாக்கியம் முதலிற் பலருக்கு எழுதவராது. எழுதப் பழகியபின், இனவெறிப் பேச்சு எந்த எடுகோளை எம்மிடமிருந்து களவாக எடுத்துக்கொள்கின்றது என்பதையும் அவர்கள் இனங்காண்பர். பேச்சைத் தொடர்ந்து வினாக்கள் இடம்பெறவேண்டும். மறுப்பைத் திரிக்காமல், மறுத்தவர் ஆம் எனத் தலையசைக்கும் வண்ணம் திருப்பிச் சொன்ன பின்னரே அதற்கு விடை கூற அனுமதிக்கவேண்டும்.

உச்சரிப்புக்குத் தனிப்புள்ளி வழங்குவதை நாம் கைவிடவேண்டும் என்பதே எமது கருத்து. தெளிவு வேறு, உச்சரிப்பு மதிப்பு வேறு. புள்ளித்தாளில் நல்ல உச்சரிப்பு எனப்படுவது நடைமுறையில் ஒரு பிரதேசத்தின், ஒரு சாதியின், ஒரு வகைப் பாடசாலையின் உச்சரிப்பாகவே பெரும்பாலும் முடிகின்றது. மலையக மாணவரும் மட்டக்களப்பு மாணவரும் முஸ்லிம் மாணவரும் தமது வீட்டில் எவரும் பேசாத குரலில் தமது வீட்டாரைப் பற்றி வாதாட நிர்ப்பந்திக்கப்படுகின்றனர். அந்நிலையில் அரிஸ்டோட்டில் கூறிய நம்பகம் எங்ஙனம் உண்டாகும்? பின்வரிசையில் இருப்போருக்குச் சொல் கேட்டதா, விளங்கியதா என்று வினவுதல் போதுமானது.

எம்மவர் மேடைகளும் இவ்வுரைகல்லுக்கு விலக்கானவை அல்ல. முற்போக்குக் கூட்டங்கள் பலவற்றில் ஏற்கெனவே உடன்பட்டோரை நோக்கி, அவர்களுக்கு மனப்பாடமான சொற்றொடர்களில், எதிராளி இல்லாத அவையில் எதிராளியை முறியடித்து நாம் வீடு திரும்பியிருக்கின்றோம். கிராம்சி தமது சிறைக் குறிப்புகளில், புதிய அறிவாளிக்கு நாவன்மை போதாது, அவர் நடைமுறை வாழ்க்கையினுள் புகுந்து ஒழுங்கமைப்பவராகவும் இடையறாது இணங்கச் செய்பவராகவும் இருக்கவேண்டும் எனக் குறித்தார். 1960களின் பிற்பகுதியில் வடபகுதியில் நிகழ்ந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களின்போது, தேநீர்க் கடைகளின் முன்னும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும், உடன்படாதவருடன் முகத்துக்கு முகம் வாதாடவேண்டியிருந்தது. அங்கு அடுக்குமொழிக்கு வேலை இருக்கவில்லை.

வகுப்பறைக்குரிய ஒரு முன்மொழிவு எஞ்சியுள்ளது. ஒவ்வொரு மாணவரும் ஒரே கூற்றைப் பற்றி, இருவார இடைவெளியில், அதே அவையின் முன் இருமுறை பேசவேண்டும். முதற்பேச்சுக்குப் புள்ளி வழங்கலாகாது. கேட்போரின் தாள்களும் வினாக்களும் பேசியவரிடம் கையளிக்கப்படும். இரண்டாம் பேச்சில் அவர் எதனை மாற்றினார், எந்த மறுப்புக்கு இடங்கொடுத்தார், எதனை ஏற்காது நின்றார், அதற்குக் காட்டிய காரணம் யாது என்பவற்றுக்கே பெரும்பகுதிப் புள்ளிகள் உரியன. கூற்றையே கைவிட்டு, தாம் இணங்காமற் போனமைக்குத் தக்க நியாயம் கூறும் மாணவருக்கும் உயர்ந்த புள்ளி கிடைக்க வழியிருக்கவேண்டும். நேரம் போதாது என்னும் ஆட்சேபம் எழும்; நாற்பது பேருள்ள வகுப்பில் பேச்சுக்கு ஏழு நிமிடமும் வினாக்களுக்கு எட்டு நிமிடமும் என இருமுறை ஒதுக்கினால் இருபது மணித்தியாலம் செல்லும். பேச்சை ஐந்து நிமிடமாக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மீதமாகும். வினாக்களுக்குரிய எட்டு நிமிடத்தில் கைவைக்க வேண்டியதில்லை.